வெளிச்சம் வரும் பக்கம்

மகளே,

உன் அம்மா செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் இதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய். இரண்டு வரி எழுதுவதும், எழும்பிப் போய் வாசல் படலையை எட்டிப் பார்ப்பதும், திரும்பி வந்து எழுதியதைப் படித்துவிட்டு 'சீ, இதென்ன கதை' என்று வெட்டுவதுமாக நிற்கிறேன். முழங்காலுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்ன அத்தனையையும் இந்த ஒரு மாலையில் செய்தாயிற்று. போனில் சொல்லலாமே அப்பா என்பாய். போன் யார் கையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிடைப்பது உன் முகத்தின் ஒரு ஓரமும், 'அப்பா, மருந்து ஒழுங்காய்க் குடிக்கிறியளோ?' என்ற ஒரு கேள்வியும்தான். நான் 'ஓம்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் போன் அவள் பக்கம் திரும்பிவிடும். அதனால்தான் கடிதம். பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் வருத்தம் துன்பம் இல்லை.

போன ஞாயிறு நீ சொன்னாய், 'நிக்சனுக்கு லீவு கிடைக்கேல்லையாம், அதாலை இந்த முறை திருநாளுக்கு நாங்கள் வரேல்லை' என்று. அம்மா 'பரவாயில்லைப் பிள்ளை' என்றாள்.  ஆனால் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இறங்குதுறைக்குப் போகிறேன், அங்கே எனக்கு வேலை இல்லை, திரும்பி வருகிறேன். வலையை எடுக்கிறேன், பொத்தலைக் காணவில்லை, வைக்கிறேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். கோயில் திருநாளுக்குக் கொடி ஏறமுன்னம் நீ வா. தனியே வா. ஏன் தனியே என்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பாதியில் கோபம் வந்து கிழித்தெறிந்துவிடாதே. அந்தக் குணம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் படத்திலிருந்து தொடங்குகிறேன். கலியாணம் முடிந்து முதல் தடவையாக நீயும் நிக்சனும் ஜேர்மனியிலிருந்து வந்தபோது, இங்கே எல்லாரும் சொக்கிலேற்றுக்கும் சென்ற் போத்தலுக்கும் காத்திருக்க, நீ ஒரு நீளக் குழாய்க்குள்ளிருந்து சுருட்டிய படம் ஒன்றை உருவி எடுத்தாய். வியாழனைச் சுற்றுகிற யூரோப்பா என்ற சந்திரன், முழுக்க ஐஸ், முன்னொரு காலத்தில் ஒரு விண்கலம் பக்கத்தால் பறந்து போகும்போது எடுத்தது என்றாய். 'இதுதான் அப்பா என்ரை வேலை. இந்தக் கோடுகளைப் பார்த்து, எது முந்தி வெடிச்சது, எது பிந்தி வெடிச்சது எண்டு வரைபடம் கீறிறது. இப்ப போய்க்கொண்டிருக்கிற புதுக்கலத்துக்கு எங்கை பாக்கோணும் எண்டு சொல்லோணுமெல்லே.' நான் அதைத் தரையில் விரித்து, மூலைகளில் வலை ஈயத்தை வைத்து, குனிந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்தால் எங்கே பார்த்தாலும் கோடு. கோட்டுக்கு மேல் கோடு. சிலது ரெயில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரண்டாக, படத்தின் ஒரு பக்கத்தால் வந்து வளைந்து மறுபக்கத்தால் போயிற்று. கோட்டோரங்களில் துருப்பிடித்த நிறம். ஒரு இடத்தில் கட்டி கட்டியாக உடைந்து, சரிந்து, திரும்பவும் ஒட்டிப்போய்க் கிடந்தது; கரண்ட் போய் வந்த அடுத்த நாள் மீன் பெட்டியைத் திறந்தால் ஐஸ் அப்படித்தான் கிடக்கும். 'இவ்வளவு ஐஸும் மீனில்லாமல் சும்மா கிடக்குதோ!' என்று நான் அங்கலாய்க்க, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நிக்சனும் சிரித்தான். நல்ல சிரிப்பு அது. அந்தப் பகல் நேரத்தை இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

அடுத்த நாள் நான் செய்த கூத்து உனக்கு மறந்திருக்காது. நீ கிணற்றடியில் நிற்க, பக்கத்து வீட்டு மரியதாஸைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'இஞ்சை பார், இதெல்லாம் வாய்க்கால். ஐஸ் உருகித் தண்ணி ஓடின வாய்க்கால். எங்கடை கழிமுகத்திலை வெட்டி விட்ட மாதிரி எவ்வளவு நேராய் ஓடியிருக்குது பார்!' மரியதாஸும் 'ஓமண்ணை, மெய்தான்' என்று தலையாட்டினான். நீ ஈரத்தலையோடு வந்து நின்று, 'ஐயோ அப்பா, அது வாய்க்காலில்லை, வரம்பு! பள்ளமில்லை, மேடு' என்றாய். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. 'எனக்குக் கண் தெரியாதெண்டு சொல்லுறியோ?' நீ படத்தைத் தலைகீழாகத் திருப்பினாய். மகளே, அந்த நிமிடம் வாய்க்கால் எல்லாம் எழும்பி வரம்பாகிப் போயிற்று. நான் மறுபடி திருப்பினேன், இறங்கிற்று. திருப்பினேன், எழும்பிற்று. மரியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். 'எங்கடை கண் எப்பவும் வெளிச்சம் மேலையிருந்துதான் வருது எண்டு நினைச்சுக்கொள்ளும் அப்பா. இந்தப் படத்திலை வெயில் கீழ்ப்பக்கத்தாலை விழுது. ஒரு படத்தைப் பற்றி வாய் திறக்க முந்தி, வெளிச்சம் எந்தப் பக்கத்தாலை வருதெண்டு பாருங்கோ. அதுதான் எங்கடை முதல் பாடம்.' அன்று மத்தியானம் முழுக்க நான் உர்ரென்று இருந்தேன். பின்னேரம் ஒருவருக்கும் தெரியாமல் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கிடந்த பழைய நெளிக் கூரைச் சீற்றில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாய் அந்தப் பாடத்தை நடத்தியது நான்தான், உன் பெயரைச் சொல்லாமல்.

அந்த விடுமுறையில் நான் உன்னை எவ்வளவு கேள்வி கேட்டேன்! ஏன் வெடிக்குது என்றேன். வியாழன் பிடித்து இழுக்கிறது என்றாய். கிட்டப் போகும்போது கூட இழுக்கும், தள்ளிப் போகும்போது விடும், இழுத்து இழுத்து விட மேலே ஐஸ் வெடிக்கும், கீழே பெரிய கடல் கிடக்கிறது என்றாய். கடல் என்றதும் எனக்குக் கதிரையில் இருக்கக் கொள்ளவில்லை. படத்தில் பாதி இடம் ஏன் மங்கலாய்க் கிடக்கிறது என்றேன். பழைய கலத்தின் பெரிய அன்ரெனா விரியாமல் போனதாம், அதனால் கொஞ்சப் படம்தான் அனுப்ப முடிந்ததாம். 'அப்ப மங்கல் இடத்துக்கு என்ன கீறுவியள்?' 'ஒண்டும் கீறமாட்டம் அப்பா. தெரியாதெண்டு எழுதி விட்டிடுவம்.' அது எனக்குப் பிடித்தது. பிறகுதான் நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். 'இந்தப் புதுக்கலம் படமெல்லாம் எடுத்துப்போட்டு எப்ப திரும்பி வரும்?' நீ சாதாரணமாகச் சொன்னாய், 'திரும்பாது. வேலை முடிய எங்கையாவது விழுத்திப்போடுவினம்.' நான் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். கரைக்குத் திரும்பாத பயணத்துக்கு ஒரு கலத்தைத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் என்ன மனிதர்கள்! இந்த வீட்டில் யாரும் 'போறன்' என்று சொன்னால் நான் விடுகிறதில்லை. 'போட்டு வாறன்' என்று சொல்லும்வரை படலையைத் திறக்க மாட்டேன். 'அதுக்குள்ளை ஆக்கள் இல்லையப்பா' என்று நீ என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாய். ஆறுதல் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

இனி எங்கள் பக்கத்துக் கள்ளத்தைச் சொல்கிறேன். போன மாரியில் அடித்த புயலுக்கு எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உனக்குச் சொன்னோம். மகளே, கூரை போயிற்று. விறாந்தைச் சீற்று முழுவதும், மண்டபத்துச் சீற்றில் பாதியும், உன் அறைச் சீற்றும் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் போய்க் கிடந்தன. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை, அதுவரைக்கும் கடவுள் இரங்கினார். கூரை போன இடத்துக்கு மேலே தறப்பாள் விரித்துக் கட்டினோம். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், அங்கே நிக்சனுடன் கரைச்சல் வரும் என்று நான்தான் யோசித்தேன். மண்டபத்தில் ஒரு சுவர் மட்டும் நனையாமல் நின்றது. அதற்கு நானே நீலப் பெயின்ற் அடித்து, திரு இருதயப் படம், உன் கலியாணப் படம், யூரோப்பாப் படம் எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்து கொழுவி, அதற்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு, போனை மா வைக்கிற ரின்னில் சாய்த்து வைத்தேன். 'பிள்ளைக்குப் பொய் காட்டிறியளே, உங்களுக்குப் பாவமாய்த் தெரியேல்லையோ?' என்றாள் அம்மா. 'பொய் என்னப்பா பொய், சுவர் மெய்ச் சுவர்தானே' என்றேன். நீயும் பார்த்துவிட்டு, 'ஆ, பெயின்ற் அடிச்சு வீடு நல்ல வடிவாய் இருக்குது' என்றாய். ஒருநாள் மழைக்குள் நீ போன் எடுத்தபோது வாளிக்குள் ஒழுக்கு டொக் டொக் என்று விழுந்தது. 'அதென்ன சத்தம்?' என்றாய். 'கோழி கொத்துது' என்றேன். எங்களிடம் கோழி இல்லை. நீயும் மேலே கேட்கவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் வந்த பெரிய சண்டை அதற்குப் பிறகுதான். சீற்றுக்கு இங்கே பெரிய தட்டுப்பாடு. மேசனும் இன்றைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்று இழுத்தடித்தான். கடைசியில், தவசு நோன்பு முடிந்து ஈஸ்ரர்ப் பாஸ்கா வர ஒரு கிழமை இருக்க, ஒரு அறைக்குப் போதுமான சீற்று மட்டும் வந்தது. நாங்கள் படுப்பது மண்டபத்தில், தறப்பாளுக்குக் கீழே. அங்கே போடச் சொன்னேன். அம்மா மேசனைக் கூட்டிக்கொண்டு போய் உன் அறையைக் காட்டினாள். 'உமக்கென்ன விசரே? ஆளில்லாத அறைக்குக் கூரை, ஆளிருக்கிற இடத்துக்குத் தறப்பாளோ?' என்று கத்தினேன். அவள் மேசனுக்கு ஏணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது மட்டுமா? கலியாணத்துக்கு நாங்கள் வாங்கிப் போட்ட பெரிய கட்டிலை வெளியே எடுப்பித்து, நீ படிக்கிற காலத்தில் படுத்த பழைய ஒற்றைக் கட்டிலைக் கழுவிக் காயவைத்து அந்த அறையில் போட்டாள். பெரிய கட்டில் நனைந்துவிட்டதாம், பலகை ஊதிவிட்டதாம். நானும் நம்பினேன். பெண்களின் பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டு பெரிய கட்டிலை மரியதாஸ் வீட்டுக் கொட்டிலுக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

இப்போது உன் சுவருக்கு வருகிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து நாங்கள் மத்தியானம் சாப்பிட்டு எழும்ப, உனக்கு அங்கே காலை. நீ எப்போதும் அதே மேசையில், அதே சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கதைப்பாய். அங்கேயும் யூரோப்பாப் படம். பக்கத்தில் கலியாணப் படம். அதன் சட்டத்தின் ஒரு ஓரத்தில், முன்னுக்கு நீட்டிக்கொண்டு, நான் முடைந்து தந்த குருத்தோலைச் சிலுவை. உன் யன்னல் வெளிச்சத்தில் சிலுவையின் நிழல் கலியாணப் படத்தின் மேல், நிக்சனின் தோளில் விழும். நான் கரையில் ஓய்ந்துபோன ஆள், எனக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? உன் முகம் அம்மாவுக்கு, சுவர் எனக்கு. பாஸ்காவுக்குப் பிறகு ஒரு ஞாயிறு பார்த்தேன், நிழல் நிக்சனின் தோளில் இல்லை. மற்றப் பக்கம், வெறுஞ்சுவரில் கிடந்தது. முதலில் கண்ணைத் துடைத்தேன். பிறகு, போன்தான் கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டுகிறதோ என்று பார்த்தேன். உன் சுவரில் தொங்கிய கலண்டரில் எழுத்து நேராகத்தான் இருந்தது. காலம் மாற வெயில் மாறும் என்று நினைத்தேன். வெயில் ஏறும், இறங்கும், யன்னல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு நடந்து போகாது. அடுத்த ஞாயிறும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. படங்கள் அதே படங்கள், அதே வரிசை, அதே இடைவெளி. வெளிச்சம் மட்டும் வேறு பக்கத்தால் வந்தது. அது அதே சுவர் இல்லை, மகளே. நீ வேறு வீட்டில் இருக்கிறாய். பழைய சுவரைக் கழற்றிக் கொண்டுபோய் அங்கே கொழுவி வைத்திருக்கிறாய்.

ஒரு சுவரை வைத்து வீடு காட்டும் வித்தையை நானும் செய்துகொண்டிருந்ததால்தான் எனக்கு அது பிடிபட்டது. பிறகு காதும் விழித்துக்கொண்டது. முன்பெல்லாம் பின்னாலே நிக்சன் கரண்டியைப் போடுவது கேட்கும், தும்முவது கேட்கும், 'மாமா, எப்பிடிச் சுகம்?' என்று தலையை நீட்டுவான். இப்போது அவன் எப்போதும் 'கடைக்குப் போட்டார்', 'நித்திரை', 'வேலை'. முன்பு கேட்காத மணிச் சத்தம் ஒன்று தெருவிலிருந்து கேட்கிறது. ஒருநாள் அதென்ன என்று கேட்டேன். 'ரீவி' என்றாய். உனக்கு ரீவி, எனக்குக் கோழி. அன்று பகல் நான் இறங்குதுறைவரை நடந்து போய், ஒருவரோடும் கதைக்காமல் திரும்பி வந்து, மறுபடியும் போனேன். தனியாய் வீடு மாறியிருக்கிறாள், பெட்டி தூக்க ஒரு ஆள் இருந்திருக்குமோ, சுவரில் ஆணி அடித்தது யார், என்றுதான் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, வந்தது.

அதற்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் இருந்தது. நிக்சனின் தாய் தீர்த்துவைத்தாள். பூசை முடிந்தால் 'சம்மந்தி' என்று கூப்பிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனுசி, எங்களைக் கண்டதும் பக்கவாசலால் இறங்கி வெயிலுக்குள் விறுவிறென்று போனாள். எனக்குச் சன்னதம் வந்தது. பின்னால் போய்க் கேட்கத்தான் அடியெடுத்து வைத்தேன். அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள். 'இஞ்சாருங்கோ, கோயில் வாசலிலை கூத்தாடாமல் வீட்டை வாங்கோ.' அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா என் குணத்துக்குப் பயந்து பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

உங்கள் இருவருக்கும் இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதி விட்டுவிடுவோம் என்றாயே, அப்படியே விடுகிறேன். அவன் மேல் பிழையா, உன் மேல் பிழையா என்று நான் கீறப் போவதில்லை. நிக்சனைப் பற்றி இந்த வீட்டில் ஒரு கெட்ட சொல் வராது; வந்தால் அது என் வாயிலிருந்துதான் வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எப்போதாவது சொல்ல வேண்டும் போலிருந்தால் சொல்லு, இல்லாவிட்டால் விடு. ஆனால் ஏன் எங்களுக்கு மறைத்தாய் என்பது மட்டும் எனக்கு ஓரளவு விளங்குகிறது. உன் கலியாணத்தன்று நான் வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் 'என்ரை பொறுப்பு முடிஞ்சுது, இனி நான் காலை நீட்டிப் படுப்பன்' என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். எல்லாத் தகப்பன்மாரும் சொல்வதுதான். நீ மணக்கோலத்தோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன். எந்தப் பொறுப்பும் முடியவில்லை, நான் காலை நீட்டவும் இல்லை. கோயில் பாதிரியார் என்றால் அந்த ஐஸ் வெடிப்பையும் அடியில் கிடக்கிற கடலையும் வைத்து ஒரு பிரசங்கமே வைத்துவிடுவார். எனக்கு அது வராது. எனக்கு வருவது இதுதான்: அந்தக் கலத்துக்குள் ஆள் இல்லை, விழுந்தால் விழட்டும். நீ ஆளில்லாத கலம் இல்லை. உன்னை நான் திரும்பி வருவதற்குத்தான் அனுப்பினேன்.

அம்மாவை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஒவ்வொரு ஞாயிறும் அவள் உன்னிடம் 'விசேஷம் ஏதும் உண்டோ பிள்ளை?' என்று கேட்கும்போது, நீ 'இல்லையம்மா' என்று சொல்லிக் கீழே பார்ப்பதை நான் காண்கிறேன். அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருக்கும். பேரப்பிள்ளைக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு இருக்கிற மனுசி, இதைக் கேட்டால் படுத்துவிடுவாள். அவளுக்கு நான் மெல்ல மெல்லச் சொல்கிறேன். நீ வந்து இறங்குவதற்குள்

மேலே அந்த வரி அப்படி நிற்பதற்குக் காரணம் உன் அம்மா. செபமாலை எப்போது முடிந்ததோ, எந்தப் படலையால் வந்தாளோ, தெரியாது. எழும்பி எழும்பிப் படலையைப் பார்த்த மனிசன், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்திருக்கிறாள். நான் கடதாசியைக் கையால் மூடினேன். 'மூடாதேங்கோ, நான் வாசிச்சிட்டன்' என்றாள். அழவில்லை. படுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

'உங்களுக்குப் பாஸ்காவுக்குப் பிறகுதானே தெரியும்? எனக்குத் தவசு காலமே தெரியும்.'

'என்னண்டு?'

'ஒவ்வொரு கிழமையும் என்ன கறி எண்டு கேக்கிறனான்தானே. முந்தி நண்டு, கணவாய், ஒரு மீன் கறியாவது சொல்லுவாள். உவன் நிக்சன் மீனில்லாமல் சோத்திலை கை வைக்கமாட்டான். பேந்து சோறுமில்லை, கறியுமில்லை, கடைப் பாணும் முட்டையும் எண்டாள். அடுத்த கிழமையும் பாணும் முட்டையும். தவசு எண்டு நினைச்சன். அது தவசுச் சாப்பாடு இல்லையப்பா. தனிய இருக்கிறவையின்ரை சாப்பாடு.'

எனக்குக் கோபம் தலைக்கேறிற்று. 'தெரிஞ்சுகொண்டு கிழமைக்குக் கிழமை விசேஷம் விசேஷம் எண்டு பிள்ளையைக் குத்தினனீரே!' என்று கத்தினேன். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. 'நான் கேக்கிறதை விட்டால் எனக்குத் தெரிஞ்சுபோச்செண்டு அவளுக்குத் தெரிஞ்சிடும். பிறகு போனும் எடுக்கமாட்டாள். என்ரை பிள்ளையின்ரை குணம் எனக்குத் தெரியாதே? அவள் இல்லையம்மா எண்டு சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு நான் சிரிச்சுக்கொண்டு இருக்கிறன், எனக்கு மட்டும் அது இனிக்குதே?' கையிலிருந்த செபமாலையை மேசையில் வைத்தாள். 'உங்களுக்கும் சொல்லேல்லை. சொன்னால் நீங்கள் நிக்சன் வீட்டை போய் நிண்டு சத்தம் போடுவியள். எழுதிறதெண்டால் ஒழுங்காய் எழுதுங்கோ. நேர்த்தி பேரப்பிள்ளைக்கு இல்லை. நான் நேர்ந்தது என்ரை பிள்ளை பொய் சொல்லாமல் என்னோடை கதைக்கிற நாளுக்கு எண்டு எழுதுங்கோ.'

அவள் சொன்னதை எழுதிவிட்டேன். அவள் எழும்பிப் போய் நீலச் சுவரிலிருந்து படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். 'என்ன செய்யிறீர்?' என்றேன். 'வாற ஞாயிறு போனை மற்றப் பக்கம் பார்த்து வைப்பம். பிள்ளை முதல் எங்கடை வீட்டைப் பாக்கட்டும்' என்றாள். ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே நீ தறப்பாளையும், விறாந்தை இருந்த வெளியையும், வாளிகளையும் பார்த்திருப்பாய். கோழி இல்லை என்பதும் தெரிந்திருக்கும். நாங்கள் திருப்பிவிட்டோம். நீயும் உன் போனைத் திருப்பு. பெட்டி அவிழ்க்காமல் கிடந்தாலும் கிடக்கட்டும், காட்டு.

அவள் படம் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. நான் போய் உன் அறைக் கதவைத் திறந்தேன். நான் அந்த அறைக்குள் கூரை போட்ட பிறகு போகவே இல்லை, கோபத்தில் போகவில்லை. வெளியே சோளகக் காற்று தறப்பாளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நிலம் காய்ந்து, கூட்டிக் கிடந்தது. பெரிய கட்டில் நனைந்துதான் வெளியே போனது என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். மேசனுக்கு உன் அறையைக் காட்டிய அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மகளே. எங்கள் தலைக்கு மேல் தறப்பாள் கிடக்க, இந்த வீட்டில் ஒழுக்கில்லாத ஒரே அறையை அவள் உனக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறாள். அந்த ஒற்றைக் கட்டிலில் வெள்ளை விரிப்பு விரித்திருக்கிறது. ஒரு தலையணை போட்டிருக்கிறாள். வா.

அப்பா